மருந்து அடிப்பவர் உடம்பில் நஞ்சு ஏறும் வழி

கூலிக்கு மருந்து அடிக்கப் போகிறவரிடம் பாதுகாப்புக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "மூக்கை மூடித் துண்டு கட்டிக்குவேன்." நஞ்சு மூச்சு வழியாகத்தான் உள்ளே போகும், நாற்றம் ஏறாவிட்டால் பயமில்லை என்ற நம்பிக்கை அந்தப் பதிலுக்குள் இருக்கிறது. திறந்த வயலில் கைத்தெளிப்பானால் அடிக்கும் பூச்சிக்கொல்லிகளில் பெரும்பாலானவற்றுக்கு இது பொருந்தாது. அடிப்பவர் உடம்பில் சேரும் நஞ்சில் பெரும்பங்கு தோல் வழியாகத்தான் போகிறது. அதிலும் வயலில் நடக்கும்போது சேர்வதைவிட, வரப்பில் உட்கார்ந்து மருந்தைக் கலக்கும் சில நிமிடங்களில்தான் ஆபத்து அதிகம்.

இந்த இரண்டும் மனதில் பதிந்துவிட்டால் மற்ற விதிகளில் பாதி தானாகவே புரிந்துவிடும். புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களை நினைத்தே எழுதுகிறேன். ஆனால் பல வருடமாக டேங்க் சுமப்பவர்களுக்கும் சில விஷயங்கள் புதிதாக இருக்கலாம்.

ஆபத்து என்பது இரண்டு விஷயங்கள் சேர்ந்தது. ஒன்று, மருந்து எவ்வளவு வீரியமான நஞ்சு என்பது. மற்றொன்று, அதில் எவ்வளவு உங்கள் உடம்பில் படுகிறது, எவ்வளவு நேரம் அங்கேயே தங்குகிறது என்பது. முதலாவதைக் கம்பெனியும், எந்த மருந்து என்று முடிவு செய்யும் நிலத்துக்காரரும், கடைக்காரரும் தீர்மானித்துவிடுகிறார்கள். அடிப்பவர் கையில் இருப்பது இரண்டாவது மட்டும்தான்.

முக்கோணம் சொல்வதும் சொல்லாததும்

இந்தியாவில் விற்கும் எந்தப் பூச்சிக்கொல்லி டப்பாவிலும் லேபிளில் ஒரு சதுரம் முனையில் நிற்கிற மாதிரி அச்சிட்டிருக்கும். அதன் கீழ்ப்பாதி முக்கோணத்தில் ஒரு நிறம் இருக்கும். சிவப்பு என்றால் மிகக் கொடிய நஞ்சு. மேல்பாதியில் மண்டை ஓடும் எலும்பும் இருக்கும். அடுத்து மஞ்சள், நீலம், பச்சை. இந்த வரிசை, எலிகளுக்கு வாய் வழியாகக் கொடுத்துப் பார்த்த சோதனையை வைத்து வந்தது. கொடுத்த எலிகளில் பாதி சாகும் அளவு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 50 மில்லிகிராம் வரை இருந்தால் சிவப்பு. 51 முதல் 500 வரை மஞ்சள், 501 முதல் 5000 வரை நீலம், அதற்கு மேல் பச்சை. எண் சின்னதாக ஆக நஞ்சு கடுமையாகிறது. மோனோகுரோட்டோபாஸ் சிவப்பு, குளோர்பைரிபாஸ் மஞ்சள், மாலத்தியான் நீலம், மாங்கோசெப் பச்சை.

பயனுள்ள குறிதான். ஆனால் அதை அளவுக்கு மேல் நம்பக் கூடாது. களைக்கொல்லியான பாராகுவாட்டைப் பாருங்கள். அதன் டப்பாவில் மஞ்சள் முக்கோணம்தான். ஆனால் அது தவறி வாய்க்குள் போய்விட்டால் முறிமருந்து கிடையாது. நுரையீரலும் சிறுநீரகமும் கெட்டு ஆள் பிழைப்பது அரிது. சிவப்பு முக்கோணம் போட்ட மோனோகுரோட்டோபாஸுக்காவது ஆஸ்பத்திரியில் அட்ரோபின் ஊசி இருக்கிறது. நிறம் எலிக்கணக்கைத்தான் சொல்கிறது. முறிமருந்து உண்டா, கண்ணில் பட்டால் என்ன ஆகும், தோலில் எவ்வளவு சீக்கிரம் ஊறும் என்பதெல்லாம் டப்பாவோடு வரும் மடிப்புத்தாளில் இருக்கும். அட்டைப்பெட்டியைப் பிரித்ததும் முதலில் பறந்து போவது அந்தத் தாள்தான்! எழுத்து பொடியாக இருக்கிறது என்பது நியாயமான குறைதான். செல்போனில் படம் பிடித்துப் பெரிதாக்கிப் பாருங்கள். லேபிளையும் முறிமருந்துப் பகுதியையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டி வந்தால் டாக்டருக்கு முதலில் தேவைப்படுவது அதுதான்.

பொட்டலம் பிரித்து, சில்லறையாக லேபிள் இல்லாத பாட்டிலில் ஊற்றித் தருகிற மருந்தை வாங்கவே வேண்டாம். சட்டப்படி அப்படி விற்கக் கூடாது. என்ன மருந்து என்றே தெரியாமல் அதை எப்படிக் கையாள்வது?

தோல் எல்லா இடத்திலும் ஒரே தோல் அல்ல

1971-ல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளிவந்தது. பாரத்தியான் என்ற பூச்சிக்கொல்லியை மனிதத் தோலின் வெவ்வேறு இடங்களில் சிறு அளவில் தடவி, எந்த இடத்தில் எவ்வளவு உள்ளே போகிறது என்று அளந்தார்கள். முன்கையில் ஊறுவதை 1 என்று வைத்துக்கொண்டால் உள்ளங்கையில் 1.3, வயிற்றில் 2.1, தலையில் 3.7, நெற்றியில் 4.2, காதுத் துளையில் 5.4, அக்குளில் 7.4. விதைப்பையில் 11.8.

இந்தக் கடைசி எண்ணை வைத்துக்கொண்டு, முதுகில் டேங்க் சுமந்து போகிறவரைப் பாருங்கள். 16 லிட்டர் டேங்க், மூடியின் வாஷர் தேய்ந்திருக்கிறது. அவர் குனியும்போதெல்லாம் மூடியோரம் கொஞ்சம் கசிகிறது. கசிந்தது சட்டையை நனைத்து, முதுகுத்தண்டு வழியாக இறங்கி, இடுப்பில் லுங்கி முடிச்சில் தேங்கி, அங்கிருந்து உள்ளாடைக்குப் போகிறது. உடம்பிலேயே அதிகமாக ஊறும் இடம் அது. வியர்வையும் சூடும் சேர்ந்தால் இன்னும் வேகமாக ஊறும். அவரோ மூக்கில் துண்டு கட்டியிருக்கிறார், நாற்றம் அடிக்கவில்லை, சாயங்காலம் வரை அதே துணியோடு இருக்கிறார்.

அதனால் ஆயிரம் ரூபாய்க்கு முகக்கவசம் வாங்குவதற்கு முன்னால் பத்து ரூபாய் வாஷரை மாற்றுங்கள் என்றுதான் சொல்வேன். காலையில் மருந்து ஊற்றும் முன் டேங்க்கில் வெறும் தண்ணீர் ஊற்றி அடித்துப் பாருங்கள். மூடி, ஹோஸ் மாட்டும் இடம், கைப்பிடி வால்வு, லான்ஸ் (கையில் பிடித்து அடிக்கும் நீளக் குழாய்) இணைப்பு ஆகிய நான்கு இடங்களிலும் விரல் வைத்துப் பாருங்கள். ஈரம் தட்டினால் அங்கே வேலை இருக்கிறது என்று அர்த்தம். துணியைச் சுற்றி, பிளாஸ்டிக் பையைக் கட்டி ஒப்பேற்றினால் கசிவு நிற்காது. துணி நஞ்சை ஊறவைத்துக்கொண்டு அதே இடத்தில் உட்கார்ந்திருக்கும். டேங்க்கைக் கழுத்து வரை நிரப்பாமல் கொஞ்சம் குறைத்து ஊற்றுவதும், முதுகுக்கும் டேங்க்குக்கும் நடுவில் ஒரு தடித்த பிளாஸ்டிக் ஷீட்டைத் தொங்கவிடுவதும் செலவில்லாத காரியங்கள்.

மூக்கில் கட்டும் துண்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பருத்தித் துண்டு பெரிய துளிகளில் கொஞ்சத்தைத் தடுக்கும். ஆவியைத் தடுக்காது. வியர்வையிலும் தெளிப்பிலும் நனைந்த பிறகு அது நஞ்சை வாயோடும் மூக்கோடும் சேர்த்துப் பிடித்து வைத்திருக்கும். லேபிள் சுவாசக் கவசம் கேட்கிறது என்றால் அது ரசாயன ஆவிக்கான வடிகட்டி பொருத்திய கவசத்தைத்தான் கேட்கிறது. கொரோனா காலத்து மாஸ்க்கை அல்ல.

கலக்கும் ஐந்து நிமிடம்

ஒரு கணக்குப் போடுவோம். லிட்டருக்கு 2 மில்லி கலக்கச் சொல்லியிருக்கிற மருந்து. கலந்த தண்ணீரைவிட டப்பாவில் இருப்பது சுமார் 500 மடங்கு அடர்த்தி. அதாவது, அளக்கும்போது விரலில் வழிந்த 1 மில்லி, அரை லிட்டர் தெளிப்புத் தண்ணீரை உடம்பில் ஊற்றிக்கொண்டதற்குச் சமம். அரை லிட்டர் மருந்துத் தண்ணீரை யாரும் தெரிந்தே கையில் ஊற்றிக்கொள்ள மாட்டார்கள். ஆனால் மூடியில் அளந்து ஊற்றும்போது விரலிடுக்கில் வழிவதை லுங்கியில் துடைத்துவிட்டுப் போகிறோம்.

மருந்தின் வகையும் முக்கியம். பெயருக்குப் பின்னால் இ.சி. என்று இருந்தால் அது எண்ணெய் போன்ற கரைப்பானில் கரைத்த மருந்து. தண்ணீரில் ஊற்றினால் பால் மாதிரி வெளுக்கும். அந்தக் கரைப்பான் தோலுக்குள் நஞ்சை இழுத்துக்கொண்டு போகும், சாதாரண மெல்லிய ரப்பர் கையுறையைக்கூட ஊடுருவும். டபிள்யூ.பி. என்றால் நனையும் தூள். தோலில் அவ்வளவு சீக்கிரம் ஊறாது, ஆனால் பொட்டலத்தைக் கிழிக்கும்போது முகத்தில் பறக்கும். மூச்சுக்கு ஆபத்து என்று உண்மையிலேயே பயப்பட வேண்டிய நேரங்களில் இது ஒன்று. எஸ்.சி. (நுண்தூளைத் தண்ணீரில் கலந்த குழம்பு), டபிள்யூ.ஜி. (தண்ணீரில் கலையும் குருணை) என்று வருகிறவை இந்த இரண்டு தொல்லைகளும் குறைந்தவை. ஒரே மருந்து பல வகையில் கிடைத்தால், அடிப்பவர் நோக்கில் எஸ்.சி. அல்லது டபிள்யூ.ஜி. வகையைக் கேட்டு வாங்கச் சொல்லலாம்.

மே மாத வெயிலில் உடம்பு முழுக்க மூடும் பிளாஸ்டிக் உடுப்பைப் போட்டுக்கொண்டு நாள் முழுக்க அடி என்று சொல்வது ஏட்டுச்சுரைக்காய். அப்படிச் செய்தால் நஞ்சுக்கு முன்னால் வெப்பமே ஆளைச் சாய்த்துவிடும். ஆனால் கலக்கும் வேலை சில நிமிடம்தான். அந்த நேரத்துக்கு மட்டும் முழங்கை வரை வரும் நைட்ரைல் (ஒரு வகைச் செயற்கை ரப்பர்) கையுறை, கண்ணாடி, முன்பக்கம் தொங்கும் பிளாஸ்டிக் ஏப்ரன் மூன்றையும் போட்டுக்கொள்வது யாருக்கும் முடியும். உள்ளே துணி வைத்துத் தைத்த கையுறை வேண்டாம், தோல் கையுறையும் வேண்டாம். ஒரு தடவை நஞ்சு ஊறினால் அவற்றைக் கழுவிச் சுத்தமாக்கவே முடியாது. கழற்றும் முன் கையுறையோடு கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். இல்லாவிட்டால் கழற்றும் போதே வெறுங்கையில் ஒட்டிவிடும்.

அளக்க மூடியை நம்பாதீர்கள். மில்லி கோடு போட்ட, மூக்கு வைத்த அளவுக் குவளை ஒன்றை இதற்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். அது வீட்டுச் சமையல் சாமானோடு ஒருபோதும் சேரக் கூடாது. டேங்க்கில் முதலில் பாதித் தண்ணீர், பிறகு மருந்து, பிறகு மீதித் தண்ணீர். முதலில் மருந்தை ஊற்றி மேலே தண்ணீர் விட்டால் நுரைத்து முகத்தில் தெறிக்கும். கலக்க ஒரு நீளக் குச்சி போதும். கையை விட்டுக் கலக்குகிறவர்களை இன்னும் பார்க்க முடிகிறது. வாய்க்காலிலோ கிணற்றுத் தொட்டியிலோ டேங்க்கை அமுக்கி மொள்வதும் கூடாது. குழாயில் பிடித்தால் குழாய் நுனி டேங்க் தண்ணீரைத் தொடாமல் மேலே இருக்கட்டும். மோட்டார் திடீரென்று நின்றால் மருந்துத் தண்ணீர் பின்னோக்கி இழுபட்டுக் கிணற்றுக்கே போய்விடும்.

இங்கே ஒரு யோசனை. ஏக்கருக்கு 200 லிட்டர் என்றால் 16 லிட்டர் டேங்க்கில் 12, 13 நடை. ஒவ்வொரு நடைக்கும் டப்பாவைத் திறந்து 32 மில்லி அளந்தால், அடர்ந்த மருந்தோடு 12, 13 தடவை கைகலப்பு. அதற்குப் பதில் அடிப்பக்கம் குழாய் வைத்த 200 லிட்டர் டிரம்மில் ஒரே தடவையாக 400 மில்லி கலந்து, அதிலிருந்து டேங்க்கை நிரப்பினால், அந்த ஆபத்து ஒரு தடவையோடு முடிந்தது. இதற்கு மூன்று நிபந்தனை. டிரம்முக்கு மூடி வேண்டும். ஆடு மாடு, பிள்ளைகள் பக்கத்தில் வராமல் யாராவது கண் வைத்திருக்க வேண்டும். அன்றைக்குத் தேவையான அளவை மட்டும் கலக்க வேண்டும். மிஞ்சிய மருந்துத் தண்ணீர் மறுநாளைக்கு ஆகாது.

டேங்க் கணக்கில் கூலி வாங்குகிறவருக்கு இதில் எதற்கும் நேரம் கிடைப்பதில்லை என்பதும் உண்மைதான். நடைக்கு இவ்வளவு என்று பேசினால் ஆள் ஓடத்தான் செய்வார். நாள் கூலியாகப் பேசுவதே பெரிய பாதுகாப்பு நடவடிக்கை என்பது என் அபிப்பிராயம். நிலத்துக்காரர்களுக்கு இது பிடிக்காது.

வயலுக்குள்

காற்று உங்கள் பக்கவாட்டிலிருந்து அடிக்க வேண்டும். காற்று போகும் பக்கம் லான்ஸைப் பிடித்து, அடித்த பயிருக்குள் நடக்காமல் அடிக்காத பக்கமாக நகர்ந்துகொண்டே போக வேண்டும். முன்னால் வீசி அடித்துக்கொண்டு அதற்குள்ளேயே நடந்தால் தொடையும் முழங்காலும் முழுக்க நனைந்துவிடும். இலை லேசாக அசைந்தால் அடிக்கலாம். புழுதி கிளம்பினால், சின்னக் கிளைகள் ஆடினால் நிறுத்திவிடுங்கள். காற்றே இல்லாமல் பனி படிந்து நிற்கும் விடியற்காலையும் நல்ல நேரம் இல்லை. நுண்ணிய துளிகள் கீழே இறங்காமல் முகத்துயரத்தில் மிதந்துகொண்டே இருக்கும்.

பயிர் உயரமாக இருந்தால் கணக்கே வேறு. 2017-ல் மகாராஷ்டிராவின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்து அடித்தவர்களில் நூற்றுக்கணக்கானோர் நஞ்சேறி ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள், 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த வருடம் பருத்தி ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து அடர்ந்திருந்தது. புழுக்கமான வானிலை. பல மருந்துகளைச் சேர்த்துக் கலந்தார்கள். நுண்துளியாகப் பீய்ச்சும் விசைத்தெளிப்பான்கள் புழக்கத்துக்கு வந்திருந்தன. லான்ஸ் தலைக்கு மேல் போனால் அடித்தது அத்தனையும் அடித்தவர் மேலேயே இறங்கும். கரும்பு, மக்காச்சோளம், துவரை, மாந்தோப்பு எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். தலைக்கு மேல் அடிக்கும் நாளில் மட்டுமாவது அகன்ற தொப்பி, கண்ணாடி, முழுக்கை, காலணி எல்லாமே கட்டாயம். அப்போது கையுறையின் வாயைச் சட்டைக் கைக்கு வெளியே எடுத்து மடித்துவிடுங்கள். மேலிருந்து வழிவது கையுறைக்குள் இறங்காது. தரையைப் பார்த்து அடிக்கும் நாளில் நேர்மாறாக, சட்டைக் கை கையுறைக்கு மேலே இருக்கட்டும். கால்சட்டை எப்போதும் பூட்ஸுக்கு வெளியேதான்.

லான்ஸ் நுனியில் மருந்து பீய்ச்சும் நாசில் அடைத்துக்கொண்டால் வாயை வைத்து ஊதுவது இன்றைக்கும் நடக்கிற பழக்கம். நஞ்சு நேராக வாய்க்குள் போக இதைவிடச் சுலபமான வழி இல்லை. பழைய பல் தேய்க்கும் பிரஷ் ஒன்றும் மாற்று நாசில் ஒன்றும் பையில் இருந்தால் போதும். கம்பியால் குத்தினால் துளை பெரிதாகி மருந்து வீணாகப் போகும். பீடி, வெற்றிலை, டீ எதுவானாலும் சோப்புப் போட்டுக் கைகழுவி, வரப்புக்கு வெளியே வந்த பிறகுதான். அதற்காக ஒரு குடம் நல்ல தண்ணீரும் சோப்பும் தனியாக நிழலில் இருக்கட்டும்.

வேலை முடிந்ததும் அங்கேயே குளித்துவிட்டு வீட்டுக்குப் போவது நல்லது. முடியாவிட்டால் வீட்டில் முதல் வேலை அதுதான். பிள்ளையைத் தூக்குவது அப்புறம். போட்டிருந்த துணியை வீட்டுத் துணியோடு சேர்த்து ஊறவைக்காதீர்கள். துவைக்கிறவர் பெரும்பாலும் மனைவி அல்லது அம்மா. அவரும் கையுறை போட்டுக்கொள்ள வேண்டும், அந்தத் தண்ணீரை வாய்க்காலில் விடக் கூடாது. அடர்ந்த மருந்து கொட்டி நனைந்த துணியைத் துவைத்துக் காப்பாற்றப் பார்க்க வேண்டாம், தூக்கிப் போட்டுவிடுங்கள்.

பூட்டும் டப்பாவும்

2013 ஜூலையில் பீகாரின் சாரண் மாவட்டத்தில் கண்டாமன் என்ற கிராமத்துப் பள்ளியில் மதிய உணவு சாப்பிட்ட பிள்ளைகளில் 23 பேர் இறந்தார்கள். சமைத்த எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் இருந்தது என்று தடயவியல் சோதனை சொன்னது. அந்த எண்ணெய், முன்பு பூச்சிமருந்து வைத்திருந்த கலத்தில் இருந்ததாக விசாரணையில் தெரியவந்தது. மருந்தைப் பத்திரமாக வைப்பது பற்றி எத்தனை விதிகள் இருந்தாலும் மேலே வர வேண்டியவை இரண்டு. பூச்சிமருந்து அதன் சொந்த டப்பாவை விட்டு வேறெதற்கும் மாறக் கூடாது. அந்த டப்பாவும் வேறெதற்கும் பயன்படக் கூடாது. பாதி மிஞ்சிய மருந்தைக் குளிர்பானப் பாட்டிலில் ஊற்றி வைப்பதும், காலி மருந்து டப்பாவைக் கழுவி மண்ணெண்ணெய் ஊற்றி வைப்பதும் ஒரே தப்பின் இரண்டு முகங்கள்.

தொழிலாக இதைச் செய்கிறவரிடம் எப்போதும் கொஞ்சம் இருப்பு இருக்கும். அது கட்டிலுக்கு அடியில், பரண்மேல், மாட்டுக்கொட்டகையில் இருக்கக் கூடாது. வீட்டோடு ஒட்டாத ஒரு சின்ன அறை, அதுவும் இல்லாவிட்டால் வெளியே பூட்டு போட்ட இரும்புப் பெட்டி. உள்ளே ஈரம் ஏறாத சிமெண்ட் தரை, காற்று போக வழி, வெயில் நேராகப் படாத சுவர். தரையில் நேராக வைக்காமல் பலகைமேல் வையுங்கள். தூள், குருணை மேல்தட்டில், திரவம் கீழ்த்தட்டில். மேலே திரவம் கசிந்தால் கீழே உள்ள தூள் பொட்டலம் எல்லாம் பாழாகும் என்பதுதான் காரணம். களைக்கொல்லியைப் பூச்சிமருந்தோடும் உரத்தோடும் விதையோடும் சேர்க்காதீர்கள். களைக்கொல்லி ஆவி பட்ட விதை முளைக்காமல் போகலாம், டப்பா மாறி எடுத்து அடித்தால் பயிரே கருகும். மாட்டுத்தீவனம், கிணறு, அடுப்பு மூன்றும் தள்ளியே இருக்கட்டும். பழையது முன்னால், புதியது பின்னால் என்று அடுக்கி, காலாவதித் தேதியை அட்டையில் பெரிதாக எழுதிவிடுங்கள்.

பூட்டுக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது, அதைச் சொல்லத் தயங்கக் கூடாது. கிராமங்களில் ஒரு நிமிட ஆத்திரமும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த டப்பாவும் சேர்ந்து எத்தனையோ உயிர்களைக் கொண்டுபோயிருக்கின்றன. இலங்கையில் மிகக் கொடிய பூச்சிக்கொல்லிகளை 1990-களிலிருந்து படிப்படியாகத் தடை செய்த பிறகு தற்கொலைச் சாவுகள் பெரிதும் குறைந்தன. கைக்கு எட்டாமல் செய்வது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்பதற்கு அது சாட்சி. சாவியை ஆணியில் மாட்டி வைத்தால் பூட்டிப் பயனில்லை.

கீழே கொட்டிவிட்டால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவத்தான் கை போகும். அது நஞ்சைப் பரப்பும். மணல், மரத்தூள் அல்லது காய்ந்த மண்ணைப் போட்டு உறிஞ்சவிட்டு, கையுறையோடு அள்ளி, மூடியுள்ள பக்கெட்டில் எடுத்து வையுங்கள். ஒரு வாளி மணலும் ஒரு மண்வாரியும் அந்த அறையிலேயே எப்போதும் இருக்க வேண்டும்.

அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை தனி ஜாதி. தானியக் கிடங்கில் புகைமூட்டத்துக்குப் போடுவது. ஈரம் பட்டால் பாஸ்பீன் என்ற கொடிய வாயு கிளம்பும். காற்றில் உள்ள ஈரமே போதும். எரிந்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. பயிற்சியும் அனுமதியும் பெற்ற பூச்சி ஒழிப்பாளர்கள் தவிர மற்றவர்கள் அதைத் தொடவே வேண்டியதில்லை. வீட்டுக்குள் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு சம்பவம் நினைவில் இருக்கட்டும். 2024 நவம்பரில் சென்னைக்குப் பக்கத்தில் குன்றத்தூரில், வீட்டுக்குள் எலிமருந்து வைத்துவிட்டுப் போன பிறகு அங்கே தூங்கிய குடும்பத்தில் இரண்டு குழந்தைகள் இறந்தார்கள். மூக்கும் மூச்சும் முதலிடத்துக்கு வருவது இந்த இடத்தில்தான்: மூடிய அறை, ஓடும் ஏ.சி., தூங்கும் ஆட்கள். வயலில் தோலுக்குக் கொடுக்கிற கவனத்தை அறைக்குள் காற்றோட்டத்துக்குக் கொடுக்க வேண்டும். எத்தனை மணி நேரம் யாரும் உள்ளே போகக் கூடாது என்பதை வாய்வார்த்தையாக மட்டும் சொல்லாமல் எழுதியும் கொடுத்துவிட்டு வாருங்கள்.

காலி டப்பாவுக்கு மும்முறைக் கழுவல். மருந்து சொட்டச் சொட்ட வடிந்த பிறகும் டப்பாவை அரை நிமிடம் கவிழ்த்துப் பிடியுங்கள். கால்வாசி தண்ணீர் ஊற்றி, மூடி, அரை நிமிடம் குலுக்கி, தெளிப்பு டேங்க்கிலேயே ஊற்றுங்கள். இப்படி மூன்று தடவை. ஏன் மூன்று? 1 லிட்டர் டப்பாவில் வடித்த பிறகும் 10 மில்லி ஒட்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 250 மில்லி தண்ணீரில் ஒரு தடவை கழுவி வடித்தால் மிஞ்சும் மருந்து 0.4 மில்லிக்குக் கொஞ்சம் குறைவு. இரண்டாவது தடவைக்குப் பின் 0.015 மில்லி. மூன்றாவதுக்குப் பின் 0.0006 மில்லி. ஒரே தடவை முக்கால் லிட்டர் ஊற்றிக் கழுவினாலும் இந்த அளவுக்குப் போகாது. கலக்கும் நேரத்திலேயே இதைச் செய்தால் கழுவிய தண்ணீர் வீணாகாது, டப்பாவில் ஒட்டியிருந்த மருந்தும் பயிருக்கே போய்ச் சேரும். கழுவியதும் அடியில் ஆணியால் நாலு ஓட்டை போட்டுவிடுங்கள். ஓட்டை விழுந்த டப்பாவில் யாரும் எண்ணெய் ஊற்ற மாட்டார்கள்.

உடம்பு காட்டும் குறி

மோனோகுரோட்டோபாஸ், குளோர்பைரிபாஸ், புரோபனோபாஸ் போன்ற ஆர்கனோபாஸ்பேட் மருந்துகள் உடம்பில் செய்யும் வேலை ஒன்றுதான். நரம்பிலிருந்து தசைக்கும் சுரப்பிக்கும் தூது போகும் பொருளை, வேலை முடிந்ததும் அழிக்க கோலினெஸ்டரேஸ் என்ற நொதி இருக்கிறது. நஞ்சு அந்த நொதியைக் கட்டிப்போடுகிறது. தூது நிற்காமல் போய்க்கொண்டே இருக்கிறது. அதனால்தான் வாயில் எச்சில் ஊற்றெடுக்கிறது, கண்ணீர், வியர்வை, வாந்தி, வயிற்றோட்டம் வருகிறது, தசை துடிக்கிறது, கண்மணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்குகிறது, நெஞ்சில் சளி நிறைந்து மூச்சு திணறுகிறது.

ஆரம்பத்தில் தலைவலி, குமட்டல், வியர்வை மட்டும் இருக்கும். வெயிலில் நின்றாலும் இதேதான் வரும். "வெயில் கிறுகிறுப்பு, மோர் குடிச்சா சரியாப்போகும்" என்று படுத்துவிடுவது இப்படித்தான். கண்மணி சுருங்கியிருக்கிறதா, எச்சில் ஒழுகுகிறதா, இமையோ கெண்டைக்கால் சதையோ துடிக்கிறதா என்று பாருங்கள். சந்தேகம் வந்தாலே போதும், வேலையை நிறுத்துங்கள். தோல் வழியாக ஏறியதென்றால் குறிகள் சில மணி நேரம் கழித்துக்கூட வரலாம், அதனால் அன்றிரவு தனியாகப் படுக்க வேண்டாம்.

உதவிக்கு வருகிறவர் கையுறை போட்டுக்கொண்டு, ஆளை வயலை விட்டு வெளியே கொண்டுவந்து, துணியைக் களைந்து, சோப்புப் போட்டுத் தாராளமாகத் தண்ணீர் ஊற்ற வேண்டும். கண்ணில் பட்டிருந்தால் 15 நிமிடம் மெதுவாக ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். இ.சி. மருந்தின் கரைப்பான் நுரையீரலுக்குள் போனால் அதுவே இரண்டாவது விபத்து. பால், எண்ணெய், புளிக்கரைசல் எதுவும் வேண்டாம். நினைவு தப்பியிருந்தால் இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்கவையுங்கள். 108-க்குப் போன் போடுங்கள், லேபிளையோ படத்தையோ கையோடு கொண்டுபோங்கள். ஆஸ்பத்திரியில் அட்ரோபினும், தேவைப்பட்டால் பிராலிடாக்சிமும் கொடுப்பார்கள். வேறு வகை மருந்து என்றால் சிகிச்சையும் வேறு. அதனால்தான் பெயர் அவ்வளவு முக்கியம்.

வீட்டுக்கு அனுப்பிய பிறகும் கவனம் தேவை. ஒன்றிலிருந்து நான்கு நாளுக்குள் கழுத்தைத் தூக்க முடியவில்லை, கை சோர்கிறது, மூச்சு வாங்குகிறது என்றால் உடனே திரும்பப் போக வேண்டும். 1971-ம் ஆண்டு பூச்சிக்கொல்லி விதிகள், தெளிப்பு வேலை செய்கிறவர்களுக்கு வேலையில் சேரும் முன்பும், பிறகு வருடத்துக்கு ஒரு தடவையும் மருத்துவப் பரிசோதனை வேண்டும் என்கின்றன. ஆர்கனோபாஸ்பேட் கையாள்கிறவர்களுக்கு ரத்தத்தில் கோலினெஸ்டரேஸ் அளவு பார்ப்பதும் அதில் உண்டு. வயல் கூலிகள் யாரும் இதைக் கேட்டு வாங்குவதில்லை. ஒரு தடவை நஞ்சேறி இறங்கிய பிறகாவது கேட்டே ஆக வேண்டும். ஏனென்றால் சிவப்பணுக்களில் அந்த நொதி பழைய அளவுக்குத் திரும்ப மூன்று, நான்கு மாதம்கூட ஆகலாம். உடம்பு தேறிவிட்டது என்று அடுத்த வாரமே டேங்க்கைத் தூக்கினால், முன்பு தாங்கியதைவிடக் குறைந்த அளவே இந்தத் தடவை ஆளைக் கீழே தள்ளும்.